கஸ்பார் அண்ணனைத் தூக்கிய எட்டுத் தோள்கள்

செய்தி வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவரின் பேத்திக்குத் திருச்செந்தூரில் கல்யாணம். வழக்கமாக நான் பந்தியில் உட்கார்ந்தால் சமையற்காரரே வெளியே வந்து பார்ப்பார். அன்று பாயசத்தோடு எழுந்துவிட்டேன். கஸ்பார் அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் ஆகியிருந்தது. திரும்புகிற வழியில் பஸ் ஆத்தூர்ப் பாலத்தின் மேல் ஏறும்போது போன் அடித்தது. அண்ணனின் மகள் ரீத்தா.

"மாமா, எங்கன இருக்கிய?"

"ஆத்தூர்ப் பாலம் தாயி. சொல்லு."

"அப்பா போயிட்டாவ மாமா." போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பிறகு அவளே சொன்னாள். "பையவே வாங்க. நீங்க வந்தபெறவுதான் எல்லாம்."

நான் போனைப் பையில் போட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் வயதில் இந்த மாதிரிப் போன்கள் புதிதல்ல. மாதத்துக்கு ஒன்றிரண்டு வந்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் குளித்து, சபை அங்கியை உதறிப் போட்டு, போய் நின்று, திரும்பி வந்து மறுபடி குளித்து, அங்கியைக் கொடியில் காயப்போட்டு, அது காய்வதற்குள் அடுத்த போன். தூங்கி எழுந்தால் போகிற களைப்பில்லை இது. அன்று பழைய காயல் தாண்டி உப்பளம் வெளுப்பாகத் தெரிய ஆரம்பித்தபோது, இந்த பஸ் ஊருக்குப் போகாமல் இப்படியே ஓடிக்கொண்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன்.

நம் பங்கின் மாத இதழை வாசிக்கிற உங்களுக்கு என்னைச் சொல்லத் தேவையில்லை. துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் வின்ச் ஓட்டிய சூசை மாமா. நான் பாரம் இறக்கினால் கோழி முட்டைகூட உடையாது என்று ஒரு கிரேக்கக் கப்பலின் கேப்டன் எழுதியே கொடுத்திருக்கிறான். அந்தக் காகிதத்தைத்தான் எங்கோ வைத்துவிட்டேன். படிப்பு ஒன்பதாம் வகுப்பு. அந்தக் காலத்து ஒன்பது, இந்தக் காலத்தில் கல்லூரிக்குச் சமம். அதனால்தான் நம் கோயிலில் எந்த மலர் போட்டாலும் என்னிடம் கட்டுரை கேட்கிறார்கள். கஸ்பார் அண்ணனைப் பற்றியும் என்னையே எழுதச் சொன்னார் சாமியார். இதை மட்டும் நான் கூட்டாமல் எழுதவேண்டும். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

இளையவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் சாவு மணி அடித்தால் வெள்ளை அங்கி போட்டு, முகத்தை மூடுகிற தலைத்துணி இழுத்துவிட்டு, செருப்பில்லாமல் எட்டுப் பேர் வருகிறார்களே, அவர்கள்தான் கொம்பிரியார். பெட்டிக்கு முன்னால் ஒரு தண்டு, பின்னால் ஒரு தண்டு, தண்டுக்கு நாலு தோள். இறந்தவர் யார், எப்படிப்பட்டவர் என்று கேட்கமாட்டார்கள். கூப்பிடவும் வேண்டாம். மணிச் சத்தம் போதும். அந்தச் சபைக்குக் கஸ்பார் அண்ணன் மூப்பராக இருந்தார். பிறந்தது மணப்பாடு, பெண் எடுத்தது நம் தெருவில். வெளிநாட்டுக் கப்பலில் போசனாக, அதாவது மாலுமிகளுக்குத் தலைவராக, உலகத்தைச் சுற்றியவர். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு ஊர்க் கதை கேட்பதற்குள் நமக்கு வயதாகிவிடும்.

நான் சபையில் சேரப் போனதே அங்கிக்காகத்தான். பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் அந்த வெள்ளையைப் பார்த்து ஆசைப்பட்டுப் போனேன். அண்ணன் வலை உலர்த்துகிற இடத்தில் நின்று கயிறு முடிந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அங்கிக்கு ஆசப்பட்டு வந்தியாலே?"

"இல்லண்ணே, சேவை செய்யதுக்கு."

"மூஞ்சிய மூடிக்கிட்டு நடக்கணும். உள்ள இருக்கது சூசைன்னு ஒரு பய தெரிஞ்சுக்கக் கூடாது. ஒன்னால ஆவுமா?"

ஆகும் என்றேன். முதல் சாவிலேயே, எங்கள் தெரு முக்கில் நின்ற மைத்துனன் காதில் விழட்டும் என்று இரண்டு தடவை இருமினேன். தண்டை இறக்கி வைத்ததும் அண்ணன் என் பக்கத்தில் வந்து, "ஆஸ்பத்திரிக்குப் போறியா, இல்ல வீட்டுக்குப் போறியாலே?" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு தண்டுக்கடியில் எனக்கு இருமல் வந்ததில்லை.

இன்னொரு தடவை துறைமுகத்துக்கு வந்த சரக்குக் கப்பலில் ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி நெஞ்சு வலியில் இறந்துபோனான். நம் வேதக்காரன். இங்கேயே அடக்கம் செய்துவிடுங்கள் என்று வீட்டார் செய்தி அனுப்பிவிட்டார்கள். கப்பல் மறுநாள் கிளம்பவேண்டும். பிணவறையில் உடலை வாங்கக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. மணி அடிக்காமலே அண்ணன் எங்கள் ஏழு பேரையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். அங்கே இருந்த கிளார்க் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். 'இறந்தவருக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம். அண்ணன் தாமதிக்காமல் எழுதினார்: பிரதர். பேனா கை மாறி மாறிப் போனது. எட்டுப் பேரும் பிரதர்.

கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன அண்ணாச்சி, எட்டுப் பேருமா கூடப் பிறந்தவங்க? அவன் மூஞ்சிய பாத்தியளா? ஒங்க மூஞ்சிய பாத்தியளா?"

"மூஞ்சிய மூடிக்கிட்டுத்தான் தூக்குவோம். ஒண்ணும் தெரியாது" என்றார் அண்ணன்.

கிளார்க் சிரித்துவிட்டார். முத்திரை குத்திக் கொடுத்தார். கேப்டன் துறைமுக வாசலில் நின்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். இங்கிலீஷில் நான்தான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை; அவன் அழுதான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

கோயில் ஜூபிலி மலருக்கு, 'கொம்பிரியார் என்னும் பெயர் வந்த வரலாறு' என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் அந்த மாதிரி வளரவில்லை. மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். முத்துக் குளிக்கிற காலத்தில் ஒரு போர்ச்சுக்கீசியத் தளபதி கடலில் மூழ்கிப்போகிறான். ஒரு பரவத் தாய் பெற்ற எட்டு ஆண்பிள்ளைகள், எட்டுப் பேரும் முத்துக் குளிக்கிறவர்கள், பாய்ந்து உடலை எடுத்துவந்து தோளில் சுமந்து அடக்கம் செய்கிறார்கள். அதைப் பார்த்த போர்ச்சுக்கல் ராஜா அவர்களுக்கு 'கொம்பிரியார்' என்று பட்டம் கொடுக்கிறான். அப்படியென்றால் அவர்கள் பாஷையில் 'ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்' என்று அர்த்தம். இவ்வளவும் என் கற்பனை. கடைசியில் பேனா நிற்காமல் ஒரு வரி சேர்த்தேன்: 'ஆகவே கூடப்பிறந்த ரத்தம் இருக்கும்போது அவர்களே தோள் கொடுப்பது ஆதிமுறை.' ஏன் சேர்த்தேன்? படிக்க அழகாக இருந்தது.

அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த மரியாதை உங்களுக்கே தெரியும். ஆண்டுவிழாவில் நாடகமாகப் போட்டார்கள். பெரிய எழுத்தில் அச்சடித்துச் சட்டம் போட்டுச் சபை மண்டபத்தில் மாட்டினார்கள். வெளியூர் ஆட்கள் வந்தால் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருநாள் அண்ணன் அந்தச் சட்டத்துக்கு எதிரே நின்று கடைசி வரி வரைக்கும் படித்தார். நான் பாராட்டுக்குக் காத்து நின்றேன்.

"அந்த ராசா பேரு என்னலே?"

"அது வந்துண்ணே, ஏட்டுல தெளிவா இல்ல."

"வா, டீ குடிப்போம்" என்றார்.

பீச் ரோட்டு டீக்கடையில் வைத்துத்தான் உண்மையான சங்கதியைச் சொன்னார். அவர் கப்பல் ஒரு தடவை லிஸ்பனில் நின்றபோது ஊருக்குள் நடந்திருக்கிறார். ஒரு சின்னக் கோயில் வாசலில் கிழவர்கள் சிலர் நம்முடையதைப் போலவே அங்கி மாட்டிக்கொண்டிருந்தார்களாம். சைகையால் விசாரித்தாராம். ஒருவர் தன் நெஞ்சைத் தொட்டு, "கொன்ஃப்ரரியா" என்றாராம். நம்ம சபைப் பேரை இவன் எப்படிச் சொல்லுதான் என்று அண்ணனுக்குத் திகைப்பு. அந்தக் கோயில் சாமியாருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். அவர்தான் சொன்னாராம்: சகோதரர் கூட்டம் என்று அர்த்தம். அந்தச் சொல் கப்பல் ஏறி நம் கரைக்கு வந்து, நம் நாக்கில் புரண்டு புரண்டு கொம்பிரியார் ஆயிற்று.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதாம்லே. அண்ணந்தம்பிமாரு. அதுலயும் கூடப் பொறக்காத அண்ணந்தம்பிமாரு. கூடப் பொறந்தவனுக்கு எதுக்குலே ஒரு சபையும் அங்கியும்?"

"பெறவு என்ன செஞ்சிய?"

"அன்னைக்கி அவுகளுக்குப் பொட்டி தூக்க ஒரு ஆள் கொறஞ்சிது. நின்னேன்."

அண்ணன் அதற்குமேல் சொல்லவில்லை. நானாக இருந்தால் அந்தப் பெட்டிக்குள் ஒரு தளபதியையாவது படுக்கவைத்திருப்பேன்.

நான் எழுதியது பொய் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னைத்தான் திருத்தச் சொன்னார். "கதை இருக்கட்டும்லே. அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துரு. அது நம்ம மொறைக்கு நேர் எதிரு" என்றார். நம் சபையின் முறை உங்களுக்குத் தெரியும். கூடப்பிறந்தவன், பெற்ற பிள்ளை, மருமகன் யாரும் தண்டைத் தொடக்கூடாது. பின்னால்தான் வரவேண்டும். ஏன் அப்படி என்று நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

அண்ணன் டீ டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவர் அப்பா மணப்பாட்டில் இறந்தபோது காற்றுக்காலம். ஊர் ஆட்கள் பாதிப்பேர் கடலிலிருந்து திரும்பவில்லை. தம்பி லாசரும் கடலில்தான் இருந்தார். தோள் போதவில்லை என்று அண்ணனே முன்தண்டில் நின்றிருக்கிறார். மேட்டில் மணல் வழுக்குகிறது, இரண்டு கையும் தண்டில்.

"கண்ணீரு ஓடி வாய்க்குள்ள போவுது. தொடைக்கக் கை இல்ல. அடி வைக்கதுலதான் புத்தி இருக்கு. எல்லாம் முடிஞ்சிது. சரி, இனி அழுவோம்னு உக்காந்தேன். வரல." டம்ளரை வைத்தார். "இன்னும் வரல. அழுவதுக்குக் கை வேணும்லே. அந்தக் கைய சொந்தக்காரனுக்கு விட்டுக் குடுக்கத்தான் நம்ம தோளு. கொம்பிரியார்னா அதான்."

திருத்திவிடுகிறேன் என்றேன். அடுத்த மலரில் செய்கிறேன் என்றேன். அதற்குப்பிறகு இரண்டு மலர் வந்துபோயிற்று. சட்டம் சுவரிலேயே இருந்தது. அதன் கீழே என் படமும் இருந்ததே, கோட்டுப் போட்ட படம்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனபோது படுக்கையில்தான் இருந்தார். ரீத்தா கஞ்சி எடுக்க உள்ளே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமில்லை. "சூசை, லாசரு வருவான். நாந்தான் தூக்குவேன்னு நிப்பான். அப்பாவுக்குத்தான் இல்லாமப் போச்சேன்னு நிப்பான். விட்டுராத. அவன் பின்னால வரட்டும், ரெண்டு கையையும் வீசி அழுதுகிட்டு வரட்டும். என்ன மாரி ஆயிரக் கூடாது." வாக்குக் கொடுத்தேன். நான் கொடுத்த எத்தனையோ வாக்கில் அதுவும் ஒன்று என்று அப்போது நினைத்தேன்.

அன்று பஸ் இறங்கி நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். சபை ஆட்கள் அங்கி போட்டு நின்றார்கள். எண்ணிப் பார்த்தால் ஏழு பேர். எட்டாவது ஆள் பெட்டிக்குள் இருந்தார். பின்தண்டில் தலைமாட்டு இடதுபுறம் அவர் இடம். பாரம் அதிகம் விழுகிற இடம் அதுதான். ஊர் முழுவதையும் அவர் அங்கே நின்றுதான் சுமந்தார். நான் முட்டிவலி என்று தண்டிலிருந்து ஓய்வு வாங்கி இரண்டு வருடம் ஆகிறது; அங்கி போட்டுக் கூட நடப்பதோடு சரி.

வாசலில் லாசர். அண்ணன் முகச்சாடை அப்படியே. மணப்பாட்டிலிருந்து வந்த வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அங்கி போட்டவர்களைப் பார்த்து, "நீங்க ஒதுங்குங்கப்பா. நானும் எம் மக்களும் தூக்குதோம்" என்றார்.

"சபை மொற அப்படி இல்ல அண்ணாச்சி" என்றான் தண்டில் நின்றவன்.

"எது மொற?" லாசர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதற்குள் ஜூபிலி மலர். மடங்காமல் வைத்திருந்தார். பென்சிலால் கோடு போட்டிருந்தார். எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தார். "'கூடப்பிறந்த ரத்தம் இருக்கும்போது அவர்களே தோள் கொடுப்பது ஆதிமுறை.' சூசை அண்ணே, இது யாரு எழுத்து?"

வாசலில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ரீத்தா நிலைப்படியில் நின்று பார்த்தாள். அவளுக்கு அப்பாவின் ஆசை தெரியும்.

வயதானவன் பொய்யை ஒப்புக்கொள்வதற்கு நிறைய மூச்சு வேண்டியிருக்கிறது. எனக்கு அன்றைக்கு மூச்சு அதிகம் இல்லை. அதனால் சுருக்கமாகச் சொன்னேன்.

"எழுத்து என்னதுதான் லாசரு. ஆனா பொய்."

"எது பொய்?"

"எல்லாம். அந்தத் தாயும் கெடையாது, எட்டுப் பிள்ளையும் கெடையாது. நான் மொட்டமாடில உக்காந்து உண்டாக்குனது."

"ராசாவுமா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ராசாவுந்தான்."

"மாமா, எம் மவன் அந்தத் தளபதியா வேசம் போட்டானே! மீசைக்கே ஒரு மணிநேரம் ஆச்சே!" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். துக்க வீடென்றும் பாராமல் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சிரிக்கட்டும் என்றிருந்தது. ஒளித்து வைத்துக்கொள்ள இனி ஒன்றும் இல்லை.

லாசர் சிரிக்கவில்லை. மலரை என் முன்னால் நீட்டினார். "அப்பாவத்தான் தூக்க முடியல. கரைக்கு வந்து பாத்தா மண்ணு காஞ்சு கெடக்கு. அண்ணனையாவது தூக்குவோம்னு இத எத்தன வருசமா வச்சிருந்தேன் தெரியுமாண்ணே?"

நான் அவரைப் பெட்டிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனேன். லிஸ்பன் சங்கதியைச் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. பிறகு டீக்கடையில் அண்ணன் சொன்னதைச் சொன்னேன். மணல் மேடு, தண்டில் இரண்டு கை, வராமலே போன அழுகை. லாசருக்கு அது தெரியாது. அண்ணன் அழாதவர், கல்நெஞ்சுக்காரர் என்றுதான் அவர்கள் வீட்டில் பேச்சாம். அவர் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மலரைக் கவருக்குள் போட்டுப் பைக்குள் வைத்துவிட்டு, "சரி, தூக்குங்க. பையத் தூக்குங்க" என்றார்.

எட்டாவது தோள் வேண்டும். நான் வீட்டுக்கு ஆள் அனுப்பி என் அங்கியை எடுத்துவரச் சொன்னேன். அங்கியோடு என் மனைவியும் வந்துவிட்டாள்.

"முட்டிய வச்சிக்கிட்டு நீங்க என்னத்தத் தூக்கப் போறிய? ஒங்களத் தூக்க ஆளு வேணும்."

"அதுக்கும் இவங்கதான் வருவாங்க. அங்கியத் தாளா" என்றேன்.

தலைத்துணியை இழுத்துவிட்டேன். உள்ளே ஒரே வெக்கை. முன்னால் போகிறவனின் குதிகால் மட்டும் தெரியும். கோயில் வரைக்கும் முட்டி என்னோடு சண்டை போட்டது. கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது சண்டை போடவும் அதற்குத் தெம்பில்லை. எனக்கு மகிமையாக எதுவும் தோன்றவில்லை. எப்போது இறக்கி வைப்போம் என்றுதான் தோன்றியது. வளைவில் தண்டு தோளை அழுத்தியபோது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். லாசர் அழுகிறார். அண்ணே, அண்ணே என்று, மாரில் அடித்துக்கொண்டு, தெருவெல்லாம் கேட்க அழுதார். அப்பாவுக்கும் சேர்த்து அழுதாரோ என்னவோ. கல்லறைக் கதவு வரைக்கும் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்க எனக்கு வழியில்லை. என் இரண்டு கையும் தண்டில் இருந்தன. என் கன்னத்திலும் ஈரம். துடைக்கக் கை இல்லை. அண்ணன் சொன்னது சரிதான்.

மறுநாள் மண்டபத்துக்குப் போய்ச் சட்டத்தை நானே கழற்றினேன். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. அதில் அண்ணனின் படத்தை மாட்டலாம் என்கிறார்கள். அவர் முகத்தை மூடிக்கொண்டு வேலை செய்தவர். ஆணி அப்படியே இருக்கட்டும் என்பது என் எண்ணம். கொம்பிரியார் என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டு யாராவது வந்தால், இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள். பழைய மலர் வீட்டில் இருந்தால் அந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று வந்தது ஒன்றே ஒன்றுதான். இடது தோளில், கழுத்துக்குப் பக்கத்தில், தண்டு அழுத்திய இடம் கன்றிக் கறுத்திருக்கிறது. அடக்கம் முடிந்து வந்த அன்று மனைவி தைல பாட்டிலைத் திறந்துகொண்டு பக்கத்தில் வந்தாள்.

"இப்பம் வேண்டாம்ளா" என்றேன். "அது கஸ்பார் அண்ணன் நின்ன எடம். ரெண்டு நாளு வலிக்கட்டும்."